பேஸ் கிதார் தந்திகள் மந்தமாவது ஏன், அவற்றை நெடுநாள் காப்பது எப்படி?

பேஸ் கிதாரின் தந்தி அறுந்துபோவது அரிது. அறுவதற்கு வெகுகாலம் முன்பே அதன் ஒலி செத்துவிடுகிறது. பூட்டிய புதிதில் கணீரென்று ஒலித்த தந்தி, நாள்பட நாள்பட மந்தமாகி, சுரத்துக்கும் சுரத்துக்கும் வேறுபாடு தெளியாத வெறும் முனகலாகச் சுருங்குகிறது. இந்த மாற்றம் சிறிது சிறிதாக நிகழ்வதால் வாசிப்பவரின் காது அதற்குப் பழகிவிடுகிறது; தம் விரல்களிலோ ஆம்ப்ளிஃபயரிலோ குறை இருப்பதாக எண்ணிக்கொண்டு, தந்தியை மட்டும் சந்தேகிக்காமல் விட்டுவிடுபவர்கள் பலர். நான்கு தந்திகள் கொண்ட பேஸ் தொகுப்பு ஒன்றின் விலை, ஆறு தந்திகள் கொண்ட சாதாரண கிதார் தொகுப்பின் விலையைவிடப் பொதுவாகவே கணிசமாக அதிகம் என்பதால், தந்தியின் ஆயுளை நீட்டிக்கும் வழிகளைத் தொடக்கத்திலேயே கற்றுக்கொள்வது நல்லது.

வழிகளுக்குப் பஞ்சமில்லை. துணியால் துடைக்கச் சொல்பவர்கள், ஆல்கஹாலில் ஊறவைக்கச் சொல்பவர்கள், கொதிநீரில் போட்டு எடுக்கச் சொல்பவர்கள், வாசித்து முடித்ததும் தந்தியைத் தளர்த்திவிடச் சொல்பவர்கள் என்று ஆளுக்கொரு ஆலோசனை கிடைக்கும். அவற்றில் எது பயன் தரும், எது வீண் வேலை, எது தீங்கு செய்யும் என்று பிரித்தறிய ஒரே ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் போதும். தந்தியில் சேரும் அழுக்கு நீக்கக்கூடியது. தந்தியின் உலோகத்துக்கு நேரும் சேதம் எதைச் செய்தாலும் நீங்காதது. பராமரிப்பு என்ற பெயரில் நாம் செய்யும் ஒவ்வொரு வேலையும் இவ்விரண்டில் எதனோடு மல்லுக்கட்டுகிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

தந்தியின் உள்ளமைப்பு

பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தியான ஈ, ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒலிக்கிறது. அதற்கு மேலுள்ள ஏ, டி, ஜி ஆகியவை முறையே 55, 73, 98 ஹெர்ட்ஸ் அளவில் ஒலிக்கின்றன. பெரும்பாலான பேஸ் கிதார்களில் கழுத்தின் மேல்முனையில் தந்தி தங்கும் நட்டுக்கும், உடலில் தந்தி தங்கும் பிரிட்ஜுக்கும் இடைப்பட்ட நீளம் 34 அங்குலம். இந்த நீளத்தில் இவ்வளவு தாழ்ந்த சுரம் எழ வேண்டுமானால் தந்தி கனமாக இருக்க வேண்டும். ஆனால், ஒரே எஃகுக் கம்பியைத் தடிமனாக்கிக் கனத்தைக் கூட்டினால் அது தந்தியைப் போல வளையாது. தடியைப் போல விறைத்து நிற்கும், அதன் ஒலியும் சுருதியோடு இசையாது. ஆகையால், மெல்லிய எஃகு மையக்கம்பி ஒன்றின் மீது வேறு கம்பிகளை நெருக்கமாகச் சுற்றி, வளையும் தன்மையைக் கெடுக்காமல் கனத்தை மட்டும் கூட்டுகிறார்கள். மையக்கம்பி இழுவிசையைத் தாங்குகிறது. சுற்றுக்கம்பி எடையைத் தருகிறது. தடித்த தந்திகளில் இத்தகைய சுற்று ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு, மூன்று அடுக்குகள்கூட இருக்கும்.

இந்த அமைப்பு சரியாக வேலை செய்ய, அடுத்தடுத்த சுற்றுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளாமல், தந்தி வளையும்போது நுண்ணளவில் விலகிச் சேர இடம் இருக்க வேண்டும். சுற்றுக்கம்பி உருண்டை வடிவில் இருக்கும் ரவுண்ட்வவுண்ட் தந்தியில், சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே தந்தியின் முழு நீளத்துக்கும் ஓர் ஓயாத பள்ளம் ஓடுகிறது. நகத்தால் தந்தியின் மீது நீளவாக்கில் உரசினால் எழும் கரகரப்பு அந்தப் பள்ளத்தின் ஓசைதான். தந்தியின் ஆயுளைப் பற்றிய கதையில் பெரும்பகுதி இந்தப் பள்ளத்துக்குள்தான் நடக்கிறது.

மீட்டப்பட்ட தந்தி ஒரே அதிர்வெண்ணில் மட்டும் அதிர்வதில்லை. ஈ தந்தியின் அடிப்படை அதிர்வு 41 ஹெர்ட்ஸ் என்றால், அதனுடன் 82, 123, 164 என்று மடங்குகளாக ஏறும் மேற்சுரங்களும் சேர்ந்தே எழுகின்றன. புதிய தந்தியில் இவை ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் வரை தெளிவாகக் கேட்கும். கணீரென்ற தன்மையைத் தருபவை இந்த மேற்சுரங்களே. அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. சிறிய ஸ்பீக்கர்கள் பலவற்றால் 41 ஹெர்ட்ஸ் ஒலியை ஏறக்குறைய எழுப்பவே முடியாது. அப்படியிருந்தும் நாம் அந்தச் சுரத்தை அடையாளம் காண்பது, மேற்சுரங்களைக் கொண்டு நம் செவி அடிச்சுரத்தைக் கண்டுகொள்வதால்தான். எனவே மேற்சுரங்கள் மடிந்த தந்தி பளபளப்பை மட்டும் இழப்பதில்லை. டிரம்ஸும் மற்ற கருவிகளும் சேர்ந்து ஒலிக்கும்போது, பேஸ் எந்தச் சுரத்தில் நிற்கிறது என்பதே கேட்பவருக்குத் தெளிவாகப் புரியாமல் போகிறது.

அழுக்கு செய்வது என்ன, அரிப்பு செய்வது என்ன

விரல் நுனியிலிருந்து தந்திக்கு ஓயாமல் மூன்று பொருள்கள் போய்ச் சேருகின்றன: தோலின் எண்ணெய்ப் பசை, உதிரும் தோல் துகள், வியர்வை. முதல் இரண்டும் பள்ளத்தில் படிந்து, காற்றிலுள்ள தூசியையும் சேர்த்துக்கொண்டு, கறுத்த பசையாக இறுகுகின்றன. இந்தப் பசையின் எடை மிகச் சொற்பம். ஆனால், தந்தி ஒவ்வொரு முறை வளையும்போதும் சுற்றுகளுக்கு நடுவே இது பிசையப்பட்டு, அதிர்வின் ஆற்றலை வெப்பமாக மாற்றி விழுங்குகிறது. உயர்ந்த மேற்சுரங்களில் தந்தி மிகக் குறுகிய இடைவெளிகளில் வேகமாக வளைய வேண்டியிருப்பதால் அவைதாம் முதலில் அடங்குகின்றன. ஈ, ஏ தந்திகள் மற்ற இரண்டையும் முந்திக்கொண்டு மந்தமாவதற்கும் இதுவே காரணம்: அவற்றின் சுற்றுக்கம்பி தடித்தது, பள்ளம் ஆழமானது, அழுக்கு தங்க இடமும் அதிகம்.

மூன்றாவது பொருளான வியர்வை வேறு வகையான எதிரி. அதிலுள்ள உப்பும் இலேசான அமிலத்தன்மையும் உலோகத்தையே தின்கின்றன. பேஸ் தந்திகளில் மிகப் பரவலான வகை, நிக்கல் பூசிய எஃகுச் சுற்று கொண்டது. பூச்சு முழுமையாக இருக்கும் வரை உள்ளிருக்கும் எஃகு பாதுகாப்பாக இருக்கும். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையான ஃப்ரெட்டில் உரசியோ, மீட்டும் வில்லையான பிக்கால் தேய்ந்தோ பூச்சில் ஓர் இடம் திறந்துவிட்டால் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. நிக்கலும் எஃகும் அருகருகே இருக்க, அவற்றின் மீது உப்பு கலந்த ஈரம் படியும்போது, மின்வேதியியல் முறையில் எஃகே முதலில் அரிக்கப்படுகிறது. பூச்சில்லாத எஃகைவிட அந்தச் சிறு திறப்பில் துரு வேகமாக இறங்குவது இதனால்தான்.

வியர்வையின் தன்மை ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடும். ஒருவர் கையில் மாதக்கணக்கில் பொலிவோடு இருக்கும் அதே வகைத் தந்தி, வேறொருவர் கையில் சில நாள்களில் கறுத்துப்போவது உண்டு. அதில் அவர் தவறு எதுவும் இல்லை. அத்தகைய கை உடையவர்கள் மற்றவர்களின் கணக்கைப் பார்த்துக் குழம்பாமல், பின்னால் சொல்லப்படும் துருப்பிடிக்காத எஃகுத் தந்திகளையோ மேற்பூச்சுத் தந்திகளையோ தேர்ந்துகொள்வது நல்லது.

அரிப்புடன் சேர்த்து எண்ண வேண்டிய மற்றொரு சேதம் தேய்மானம். கிதாரைத் திருப்பி, ஃப்ரெட்டுகள் பதித்த பலகையான ஃப்ரெட்போர்டைப் பார்த்திருக்கும் தந்தியின் அடிப்பக்கத்தில் டார்ச் வெளிச்சம் படும்படி பாருங்கள். நீங்கள் அதிகம் வாசிக்கும் ஃப்ரெட்டுகளுக்கு நேர் மேலே, சுற்றுக்கம்பி நசுங்கித் தட்டையான சிறு சிறு புள்ளிகள் மின்னுவது தெரியும். அங்கே நகத்தை ஓட்டினால் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் நகம் சற்றே இடறும். அந்த இடங்களில் தந்தியின் எடைப் பரவல் சீராக இல்லை. சீரற்ற தந்தியின் மேற்சுரங்கள் சரியான மடங்குகளில் அமைவதில்லை என்பதால், ஃப்ரெட்டில் அழுத்தாத திறந்த தந்தியைச் சரியாகச் சுருதி சேர்த்தாலும் மேல் ஃப்ரெட்டுகளில் சுரம் பிசகி ஒலிக்கும். ஃப்ரெட் அழுத்தி விழுந்த இந்தப் பள்ளங்களை எந்தத் திரவத்தாலும் கழுவி நீக்க முடியாது.

கையைக் கழுவுவதும் தந்தியைத் துடைப்பதும்

தந்தியின் ஆயுளை நீட்டிக்கும் வழிகளில் மிக அதிகப் பயன் தருபவை இவ்விரண்டும்தான். மற்ற எல்லா உத்திகளையும் சேர்த்தாலும் இவற்றுக்கு ஈடாகா என்பது என் உறுதியான கருத்து. செலவும் ஏறக்குறைய இல்லை. அழுக்கு பள்ளத்தில் இறுகிய பிறகு அதை வெளியே எடுப்பது பெரும்பாடு; மேற்பரப்பில் ஈரமாக இருக்கும்போது எடுப்பதோ ஒரு நிமிட வேலை.

வாசிக்கத் தொடங்கும் முன் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, முழுவதுமாக உலர்த்திக்கொள்ளுங்கள். சாப்பிட்ட கையோடும், கிரீம் அல்லது எண்ணெய் தடவிய கையோடும் தந்தியைத் தொடவே கூடாது. ஈரம் உலராத கையும் கூடாது. கழுவிய பயன் பாதி அதிலேயே போய்விடும்.

வாசித்து முடித்தவுடன், வியர்வை காய்வதற்குள், பஞ்சு பிரியாத உலர்ந்த துணியால் துடையுங்கள். மைக்ரோஃபைபர் துணியோ, பலமுறை துவைத்து மென்மையான பழைய பருத்தித் துணியோ போதும். துடைக்கும் முறையில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். நான்கு தந்திகளின் மேலாகத் துணியை ஒரு முறை இழுத்துவிட்டு நிறுத்தினால் விரல் படும் மேற்புறம் மட்டுமே துடைக்கப்படும். துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, ஒரு தந்தியைச் சுற்றிலும் பற்றிக்கொண்டு, பிரிட்ஜ் பக்கத்திலிருந்து நட் வரை மெதுவாக இழுங்கள். மீண்டும் அதே வழியில் திரும்பி வாருங்கள். துணியில் சாம்பல் நிறக் கோடு விழுவது தெரியும். துணியின் சுத்தமான பகுதிக்கு மாறி அடுத்த தந்திக்குப் போங்கள். கடைசியாக, துணியைத் தந்திகளுக்கு அடியில் நுழைத்து, ஃப்ரெட்போர்டின் மீது ஒரு முறை ஓட்டி எடுங்கள். தந்தியின் அடிப்புறத்துக்கு அழுக்கு போய்ச் சேர்வது பெரும்பாலும் அந்தப் பலகையிலிருந்துதான். நீண்ட நேரம் வாசிக்கும்போது இடைவேளைகளிலும் இதைச் செய்வது நல்லது. துணியை அவ்வப்போது துவைக்கவும் வேண்டும். அழுக்கேறிய துணி எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

தந்தியில் தடவுவதற்கென்றே எண்ணெய் கலந்த துடைப்பிகள் கிடைக்கின்றன. அவை ஈரத்தைத் தடுப்பதும் விரல் வழுக்கிச் செல்ல உதவுவதும் உண்மை. சாதாரண கிதாரின் சுற்றில்லாத மெல்லிய தந்திகளுக்கு அவை பொருந்தும். ஆழ்ந்த பள்ளங்கள் உள்ள பேஸ் தந்திக்கு நான் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன். பள்ளத்தில் தங்கிய எண்ணெய் தூசியை ஈர்த்துப் பசையாக்குவதால், தடுக்க நினைத்த வேலையை அதுவே செய்துவிடும். துரு நீக்கும் ஸ்பிரேக்களை எந்த வகைத் தந்தியின் மீதும் அடிக்க வேண்டாம்.

கிதாரை வைக்கும் இடமும் கணக்கில் சேரும். காற்றில் ஈரப்பதம் 40 முதல் 60 விழுக்காடு வரை இருப்பது மரத்துக்கும் தந்திக்கும் ஏற்றது. அதற்கு மேல் போகும் இடங்களில் வாசிக்காத நேரத்தில் கிதாரை உறையில் வைத்து, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டுவையுங்கள். குளிர்ந்த அறையிலிருந்து வெப்பமும் புழுக்கமும் உள்ள இடத்துக்குக் கிதாரைக் கொண்டுபோனதும் உறையைத் திறந்தால், குளிர்ந்த உலோகத்தின் மீது நீர் பூத்துவிடும். சற்று நேரம் உறைக்குள்ளேயே விட்டு, வெப்பநிலை சமமான பிறகு எடுப்பது நல்லது.

பூட்டும்போதே ஆயுளைக் குறைத்துவிடாதீர்கள்

புத்தம் புதிய தந்தி முதல் நாளிலேயே மந்தமாக ஒலித்தால், காரணம் பெரும்பாலும் பூட்டிய விதத்தில் இருக்கும். தந்தியை, அதை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகான ட்யூனரில் செருகும் முன், முனையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, அதில் முறுக்கு ஏதும் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முறுக்கோடு பூட்டிய தந்தியில் சுற்றுகள் சில இடங்களில் இறுகியும் சில இடங்களில் தளர்ந்தும் நிற்பதால், அதன் அதிர்வு ஒருபோதும் சீராகாது.

அடுத்தது வெட்டுவது. தந்தியைச் சுற்ற வேண்டிய ட்யூனர் தண்டைத் தாண்டி ஏறத்தாழ 10 முதல் 12 செ.மீ. நீளம் விட்டு, அந்த இடத்தில் தந்தியை முதலில் செங்கோணமாக மடித்துவிட்டு, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால், மையக்கம்பியின் மீதுள்ள பிடி விட்டுப்போய்ச் சுற்றுக்கம்பி முனையிலிருந்து நழுவித் தளரக்கூடும். மையக்கம்பி அறுகோணமாக இல்லாமல் உருண்டையாக உள்ள தந்திகளில் இது இன்னும் எளிதாக நிகழும். பிறகு வெட்டிய முனையைத் தண்டின் நடுவிலுள்ள துளையில் இறக்கி, பிளவின் வழியே மடித்து, இரண்டு அல்லது மூன்று சுற்றுகள் மேலிருந்து கீழாக ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அமையும்படி முறுக்குங்கள்.

சுருதிக்கு வந்த பிறகு, சேடிலுக்கும் (பிரிட்ஜில் தந்தி அமரும் துண்டு) நட்டுக்கும் சற்று உள்ளே, தந்தியைக் கட்டைவிரலால் மெல்ல ஒரு முறை அழுத்துங்கள். தடித்த தந்தி சேடிலின் மீது சட்டென மடியாமல் வில்லாக வளைந்து நிற்கும். அதன் அதிரும் நீளம் எங்கே தொடங்குகிறது என்பதில் தெளிவில்லாமல் போகும். இந்தச் சிறு அழுத்தம் அந்த வளைவை நேராக்கிவிடுகிறது. நட்டின் பள்ளங்களில் தந்தி சிக்கித் திக்கித் திக்கி நகர்ந்தால், மென்மையான பென்சில் முனையின் கிராஃபைட்டை அங்கே இலேசாகத் தேய்க்கலாம். சேடிலில் கூரான பிசிறு இருந்தால் அது தந்தியைத் தினந்தோறும் அறுத்துக்கொண்டிருக்கும். அதை நுண்ணிய உப்புத்தாளால் மழுக்கிவிட வேண்டும்.

தந்திகளைக் கழற்றியிருக்கும் நேரமே ஃப்ரெட்போர்டையும் ஃப்ரெட்டுகளையும் சுத்தம் செய்வதற்கும் உகந்த நேரம். புதுத் தந்தியைப் பழைய அழுக்கின் மீது பூட்டுவதில் பொருளில்லை. ஃப்ரெட்டுகளைத் தேய்க்க மிக நுண்ணிய எஃகுப் பஞ்சைப் பயன்படுத்துவோர், முதலில், தந்தியின் அதிர்வை மின்குறியாக மாற்றும் பிக்கப்புகளைப் பிசின் நாடாவால் மூடிக்கொள்ள வேண்டும்; இல்லையெனில் உதிரும் எஃகுத் தூளைப் பிக்கப்பின் காந்தம் இழுத்துக்கொள்ளும்.

வாசித்து முடித்ததும் தந்தியைத் தளர்த்தி வைக்கும் பழக்கத்தால் பயனில்லை. பேஸ் தந்தி ஒவ்வொன்றும் சுருதியில் நிற்கும்போது ஏறத்தாழ 18 முதல் 23 கிலோ வரையிலான இழுவிசையைத் தாங்குகிறது. அதற்காகவே அது செய்யப்பட்டிருக்கிறது. ஓயாமல் தளர்த்தி முறுக்குவதால்தான் ட்யூனரிலும் நட்டிலும் மடிந்திருக்கும் இடங்களில் உலோகம் களைப்படைகிறது. கழுத்தின் வளைவும் நிலைகொள்ளாமல் மாறிக்கொண்டிருக்கும்.

வாசிக்கும் விரலின் விசையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஃப்ரெட்டுக்குச் சற்றே பின்னால் விரலை வைத்தால், மிகக் குறைந்த அழுத்தத்திலேயே சுரம் தெளிவாக எழும். இரண்டு ஃப்ரெட்டுகளுக்கு நடுவே விரலை வைத்து அழுத்திப் பிடிப்பவர் தம் கையையும் நோகடித்து, தந்தியிலும் விரைவில் பள்ளம் விழச் செய்கிறார்.

ஊறவைப்பதும் கொதிக்கவைப்பதும்

அழுக்கு நீக்கக்கூடியது என்று முன்பே பார்த்தோம். பள்ளத்தில் இறுகிய பசையையும் கரைத்தெடுக்க முடியும். அதற்கு ஏற்ற திரவம் ஆல்கஹால். தந்திகளைக் கழற்றித் தளர்வாகச் சுருட்டி, இறுக மூடக்கூடிய கண்ணாடிப் புட்டியில் இட்டு, அவை மூழ்கும் அளவுக்கு 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட செறிவுள்ள ஐசோபுரோபைல் ஆல்கஹாலை ஊற்றி ஓர் இரவு வைத்திருந்தால், காலையில் திரவம் கலங்கியிருப்பதைக் காணலாம். ஆல்கஹால் எண்ணெய்ப் பசையைத் தளர்த்துகிறது. வெளியே எடுத்ததும் ஆவியாகிவிடுவதால், சுற்றுகளுக்குள் ஈரம் தங்கித் துருப்பிடிக்க இடமில்லை. செறிவு குறைந்த வகைகளில் நீர் கலந்திருப்பதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. எடுத்த தந்தியைத் துணியால் துடைத்து, தொங்கவிட்டு, முழுவதும் உலர்ந்த பிறகே பூட்ட வேண்டும். ஆல்கஹாலின் ஆவி எளிதில் தீப்பற்றும் என்பதால், சன்னல்களைத் திறந்துவைத்து, அடுப்பும் தீப்பொறியும் இல்லாத இடத்திலேயே இந்த வேலையைச் செய்யுங்கள். கிதாரில் பூட்டியிருக்கும் தந்தியின் மீது ஆல்கஹாலைத் தடவுவதையும் நான் ஏற்க மாட்டேன். கசியும் துளிகள் ஃப்ரெட்போர்டு மரத்தை வறளச் செய்யும், சில வகை வார்னிஷ்களைக் கரைத்தும்விடும்.

கொதிநீரில் போடும் முறை பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளது. அதுவும் அழுக்கை இளக்கி வெளியேற்றவே செய்கிறது. தந்தியின் கணீரொலி ஓரளவு மீளவும் செய்யும். ஆனால் அந்த மீட்சி நெடுநாள் நிலைப்பதில்லை. அதோடு, மையக்கம்பிக்கும் சுற்றுக்கும் நடுவே புகுந்த நீர் முழுவதுமாக வெளியேறுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத உட்புறத்தில் துரு தொடங்கிவிடுகிறது. கையில் வேறு வழியில்லாத அவசரத்துக்கு வேண்டுமானால் செய்யலாம்.

எந்த முறையானாலும் ஒரு விலை உண்டு. ட்யூனர் தண்டில் மடிந்திருந்த தந்தியை நிமிர்த்தி மீண்டும் மடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இடம் பலவீனமாகிறது. ஆகவே கழற்றும்போது மடிப்புகளை நேராக்க முயலாமல் அப்படியே விட்டு, அதே தண்டில் அதே மடிப்பில் திரும்பப் பூட்ட வேண்டும். ஒரு தொகுப்பை இரண்டு மூன்று முறைக்கு மேல் இவ்வாறு புதுப்பிக்க நினைப்பது உழைப்புக்கு ஏற்ற பலனைத் தராது. மேற்பூச்சுத் தந்திகளையும் நைலான் நாடா சுற்றிய தந்திகளையும் ஊறவைக்கவோ கொதிக்கவைக்கவோ வேண்டாம். முனைகளில் சுற்றியுள்ள வண்ண நூல் சில வகைகளில் சாயம் போகலாம், பிரியவும் செய்யலாம்.

வகையைத் தேர்ந்தெடுப்பதும் பராமரிப்பே

அமெரிக்கக் கிதார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் என்ற மின் பேஸ் கிதார் 1951-இல் வெளிவந்தபோதும், அதன் பிறகு ஒரு பத்தாண்டுக்கு மேலாகவும், மின் பேஸில் பூட்டப்பட்டவை பெரும்பாலும் ஃப்ளாட்வவுண்ட் தந்திகளே. அவற்றில் சுற்றுக்கம்பி தட்டையான நாடா வடிவில் இருப்பதால் மேற்பரப்பு வழவழப்பானது. பள்ளமில்லை, அழுக்கு தங்க இடமும் அவ்வளவாக இல்லை. 1966-இல் தந்தி தயாரிக்கும் ரோட்டோசவுண்ட் நிறுவனம், தி ஹூ ராக் குழுவின் பேஸ் கலைஞர் ஜான் என்ட்விசிலுடன் சேர்ந்து உருவாக்கிய ரவுண்ட்வவுண்ட் தந்திகள், பியானோவின் தாழ் சுரங்களைப் போல முழங்கும் ஒலியைப் பேஸுக்குக் கொண்டுவந்தன. அந்த ஒலியைத் தந்த அமைப்பே பள்ளத்தையும் கொண்டுவந்தது. மிகுந்த கணீரொலியும் மிகுந்த ஆயுளும் ஒரே தந்தியில் எளிதில் சேர்ந்து கிடைக்காததன் காரணம் இதுதான்.

அமெரிக்க இசை நிறுவனமான மோடவுனின் இசைத்தட்டுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தடித்த ஃப்ளாட்வவுண்ட் தந்திகளையே பயன்படுத்தினார். அவற்றை மிக அரிதாகவே மாற்றினார் என்பது பேஸ் கலைஞர்களிடையே பரவலாக அறியப்பட்ட செய்தி. மேற்சுரங்கள் அடங்கிய, உருண்டு திரண்ட அந்த ஒலியை இன்றும் பலர் விரும்பித் தேடுகிறார்கள். உங்களுக்கும் அதுவே பிடிக்குமானால், ஃப்ளாட்வவுண்ட் தொகுப்பு ஒன்றைப் பூட்டி ஆண்டுக்கணக்கில் நிம்மதியாக வாசிக்கலாம். அவற்றின் தட்டை நாடா கூர்மையான மடிப்பைத் தாங்காது என்பதை மட்டும் நினைவில் வைத்து, முனையிலுள்ள நூல் சுற்றிய பகுதி மட்டுமே ட்யூனர் தண்டில் சுற்றும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

கணீரொலி வேண்டுவோர், துருப்பிடிக்காத எஃகுச் சுற்று கொண்ட தந்திகளை நாடலாம். பூச்சு தேய்ந்து திறக்கும் சிக்கல் அவற்றில் இல்லை. வியர்வையையும் நன்கு தாங்கும். ஆனால் விரலுக்கு அவை சற்றுக் கரடுமுரடாகத் தோன்றும். ஃப்ரெட்டுகளையும் நிக்கல் பூசியவற்றைவிட விரைவாகத் தேய்க்கும். மெல்லிய பாலிமர் படலம் போர்த்திய மேற்பூச்சுத் தந்திகள் அழுக்கையும் ஈரத்தையும் பள்ளத்துக்குள் விடாமல் தடுப்பதால், விரலால் வாசிப்பவர்களிடம் பல மடங்கு நாள் நீடிக்கின்றன. விலை கூடுதல். பிக்கால் அழுத்தி வாசிப்பவர்களிடம், மீட்டும் இடத்தில் அந்தப் படலம் இழையிழையாகப் பிரிந்து நிற்பதும் உண்டு.

மாற்ற வேண்டிய நேரம்

ஒலி மந்தமானவுடன் தந்தியைக் குற்றம் சொல்லும் முன் மற்றவற்றைப் பார்த்துவிடுங்கள். கிதாரின் டோன் திருகு குறைந்திருக்கலாம். ஆக்டிவ் வகைக் கிதாரில் 9 வோல்ட் பேட்டரி தீரும் நிலையில் இருக்கலாம். கழுத்தின் ஏதோ ஒரு ஃப்ரெட்டில் மட்டும் சுரம் உடனே அடங்கினால் அது பெரும்பாலும் மரத்தின் இயல்பு. புதுத் தந்தி அதைத் தீர்க்காது.

தந்தியைச் சோதிக்க ஐந்தாம் ஃப்ரெட்டுக்கும் நான்காம் ஃப்ரெட்டுக்கும் நேர் மேலே விரலை அழுத்தாமல் மெல்லத் தொட்டு மீட்டி, ஹார்மோனிக் (தனித்தொலிக்கும் மேற்சுரம்) எழுப்பிப் பாருங்கள். புதிய தந்தியில் இரண்டும் மணி போல எழுந்து நிற்கும். பழுத்த தந்தியில் நான்காம் ஃப்ரெட்டின் ஹார்மோனிக் எழுந்த வேகத்தில் மாய்ந்துவிடும். பிறகு பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும், அதே இடத்தில் அழுத்தி வாசித்த சுரத்தையும் சுருதி காட்டும் ட்யூனர் கருவியில் ஒப்பிடுங்கள். முன்பு சரியாக இருந்த கிதாரில் இப்போது இரண்டும் ஒத்துவரவில்லை என்றால், சேடிலைத் திருகத் தொடங்காமல், தந்தியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். புதுத் தந்தி பூட்டிய நாளில் ஒவ்வொரு தந்தியையும் தனித்தனியே வாசித்துக் கைப்பேசியில் பதிந்துவைத்துக்கொண்டால், பின்னர் காது பழகிப்போனாலும் ஒப்பிட்டுப் பார்க்க ஆதாரம் இருக்கும்.

அழுக்கினால் மட்டும் மந்தமான தந்தியை ஊறவைத்து மீட்கலாம். துரு சொரசொரத்தாலோ, ஃப்ரெட் பள்ளங்கள் நகத்தில் இடறினாலோ, சுற்றுக்கம்பி எங்கேனும் தளர்ந்து சலசலத்தாலோ மாற்றுவது ஒன்றே வழி. ஒரு தந்தியை மட்டும் மாற்றினால் அது மற்ற மூன்றிலிருந்து விலகித் தனித்து ஒலிக்கும் என்பதால், நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். கழற்றிய தொகுப்பில் துருவில்லாத தந்திகள் இருந்தால், அவற்றைத் துடைத்து, எந்தத் தந்தி என்று எழுதிய உறைகளில் இட்டு, சிலிக்கா ஜெல்லோடு கிதார் உறையில் போட்டுவையுங்கள். மேடையில் எதிர்பாராமல் ஒன்று அறுந்தால், முன்பே நன்கு இழுபட்ட பழைய தந்தி புதியதைவிட விரைவில் சுருதியில் நிற்கும்.